பத்து லீற்றர் காட்டுப் புளூபெரி: பறித்து, தூற்றி, உருட்டி, உறைய வைக்கும் வரை

காட்டுப் புளூபெரியில் பறிப்பது பாதி வேலைகூட இல்லை. இலை, காம்பு, ஊசியிலைச் சருகு, பச்சைக்காய், பூச்சி எல்லாம் கலந்து வாளியில் வந்து சேரும். அதைப் பழம் நசியாமலும் நனையாமலும் அன்றைக்கே பிரித்தெடுத்து பிறீசருக்குள் வைப்பதில்தான் ஆள் களைத்துப் போகும். கம்பியில் செய்த உருட்டுத் தட்டு ஒன்று இந்தப் பருவத்தில் ஒழுங்காக வேலை செய்தது. அதன் அளவுகளும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவையும் கீழே. எல்லாம் ஒரு 10 லீற்றர் வாளிக் கணக்கில்; நிறையில் அது 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

இடம் ஒஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகள்: லில்லொமார்க்கா, ஓஸ்ட்மார்க்கா பக்கம். நோர்வேயில் பயிர்நிலம், வீட்டு வளவு, வேலியடைத்த காணி தவிர்ந்த திறந்த காட்டில் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அனுமதிச் சீட்டும் இல்லை, காசும் இல்லை. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை. பழக்காலம் முழுக்க அதற்குள்தான் விழும். ஆகவே தேநீரை வீட்டிலேயே போட்டுப் போத்தலில் கொண்டுபோக வேண்டியதுதான்.

கடையில் பெட்டியில் வரும் பழத்தை நினைத்துக்கொண்டு இதைக் கையாண்டால் எல்லாம் பிழைத்துவிடும். கடைப்பழம் ஆளுயரப் புதரில் காய்க்கும் வட அமெரிக்க இனம். காட்டுச் செடியைப் பிடித்துப் பயிராக்கி, நியூ ஜேர்சியில் 1916இல்தான் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பினார்கள். தோல் தடித்தது, சதை வெளிறிய பச்சை, பிறிட்ஜில் இரண்டு கிழமை கிடக்கும். நோர்வேக் காட்டில் இருப்பது வேறு இனம். முழங்கால் உயரம்கூட வராத செடி, பழம் 6 முதல் 10 மில்லிமீற்றர், சதை முழுக்கக் கருஞ்சிவப்பு, தோல் மிக மெல்லிசு. பறிக்கும்போது காம்புப் பக்கத்தில் சின்னதாகக் கிழியும். சாறு அந்த வழியாகத்தான் கசியத் தொடங்கும். அடியில் கிடக்கும் பழம் அடுத்த நாளே ஈரமாக இருக்கும். நாலைந்து நாளில் பூஞ்சணம். கழுவி வைத்தால் அதுவும் இல்லை.

நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கும் விரலும் ஊதாவானால் சரியான பழம். ஆகவில்லையென்றால் அது ஷின்ட்ரூட்டே என்று இங்கே சொல்லும் பக்கத்து இனம். ஈரமான சதுப்போரம் நிற்கும். அதன் இலை சாம்பல் கலந்த நீலப்பச்சை, கிளை உருண்டையாகப் பழுப்பு நிறத்தில் மரத்துப்போயிருக்கும், பழத்தைப் பிளந்தால் உள்ளே வெள்ளை. நல்ல புளூபெரிச் செடியின் கிளை பச்சை. விரலால் உருட்டினால் விளிம்பு தட்டுப்படும். ஷின்ட்ரூட்டேயில் ருசியும் இல்லை, நிறமும் இல்லை. ஜாமைத் தண்ணியாக்கும், அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது வேறொன்று: ஒரே தண்டு, உச்சியில் நான்கு இலை, நடுவில் தனியாக ஒரு கருநீலப் பழம். ஃபிர்பிளாட் என்பார்கள், நஞ்சு. கையால் பறிக்கும் பெரியவர்கள் இதில் மாறுவது அரிது. பக்கத்தில் குந்தியிருந்து பறிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு முதலிலேயே காட்டிவிட வேண்டும்.

பருவம் கடல்மட்டத்துக்குக் கிட்டவாக ஜூலை நடுப்பகுதியில் தொடங்கும். மலைப்பக்கம் ஓகஸ்ட் கடந்து செப்டெம்பர் வரை போகும். பூக்கும் மே மாதத்தில் இரவு உறைபனி விழுந்த பள்ளங்களில் அந்த வருடம் தேடிப் பயனில்லை; அதே காட்டின் மேட்டுச் சரிவில் பழம் தொங்கும். மரம் முழுக்க வெட்டிய வெளியிலும் கிடையாது, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இருண்ட இளந்தோப்பிலும் கிடையாது. வெயிலும் நிழலும் பாதிப்பாதியாக விழும் முதிய ஸ்புரூஸ், பைன் காடுதான் இடம். பழம் சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். பறித்த பிறகு இனிப்பு ஏறாது.

நாள் பார்ப்பதில்தான் முழு வேலையின் கதியும் இருக்கிறது. இலை காய்ந்திருக்க வேண்டும். மழை பெய்த அன்று மட்டுமல்ல, பனித்துளி காயாத காலையிலும் போகக்கூடாது. ஈர இலை பழத்தோடு ஒட்டிக்கொள்ளும், காற்றுக்குப் பறக்காது, கம்பியில் விழாது. பின்னால் சொல்லும் சுத்திகரிப்புகளில் ஒன்றுமே அதற்கு எடுபடாது. வெயில் நாளில் 11 மணிக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

பறிக்கும் கருவி சீப்புப் பல் வைத்த கைப்பெட்டி. எந்தக் கட்டடப்பொருள் கடையிலும் கோடையில் கிடைக்கும். விலை 150 முதல் 300 குரோனர். வாங்கும்போது மூன்று விடயம் பார்க்கலாம். பல் உலோகமா, நுனி மழுங்கலா? கூர்நுனி பழத்தைக் குத்தும். பல் இடைவெளி 5 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறதா? அதைவிட அகலமானால் சின்னப் பழம் நழுவும், ஒடுக்கமானால் இலையை உருவும். வாயில் மூடித்தகடு இருக்கிறதா? இல்லாவிட்டால் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொட்டும்.

சீப்பைச் செடியின் அடியில் நுழைத்து, மேல்நோக்கி மெதுவாக உயர்த்தி, கடைசியில் மணிக்கட்டைப் பின்னுக்குச் சரிக்க வேண்டும். அரிவாள் மாதிரி பக்கவாட்டில் இழுத்தால் கிளையோடு வரும். அடுத்த வருடப் பழத்துக்கான மொட்டும் அந்தக் கிளையில்தான் இருக்கும். தடங்கினால் பின்வாங்கி வேறு கோணத்தில் போடுங்கள். நன்றாகக் காய்த்த இடத்தில் மணிக்கு 3 முதல் 5 லீற்றர் வரும். பழம் ஐதாக இருந்தால் சீப்பு வெறும் இலையைத்தான் சேர்க்கும். அங்கே கைதான் விரைவு. ஏனென்றால் அந்த இலையை வீட்டில் உட்கார்ந்து பொறுக்குவதும் அதே ஆள்தான்.

சீப்பில் விழும் பூச்சிகளில் பழுப்பு நிறக் கேடய வடிவ நாற்றப் பூச்சியைக் கண்டவுடன் தட்டிவிட வேண்டும். அது கசிய விட்ட பழம் ஒன்று வாயில் பட்டால் அன்றைக்கு வேறு பழம் தின்ன மனம் வராது. கரையோரக் காடுகளில் உண்ணியும், தென்கிழக்கில் ஓகஸ்ட் முதல் மான் ஈயும் உண்டு. காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம், அக்குள், தலைமுடியோரம் பார்க்க வேண்டும்.

சீப்பை நேரே 10 லீற்றர் வாளியில் கொட்டாமல், 3 லீற்றர்ச் சின்ன வாளியில் கொட்டி அதிலிருந்து மாற்றுவதே நல்லது. வாளி தடக்கி விழும்போது இழப்பு மூன்றோடு நிற்கும். பெரிய வாளி ஒன்றை விளிம்புவரை நிரப்புவதும் வேண்டாம். 15 சென்ரிமீற்றருக்கு மேல் குவிந்தால் அடிப்பழம் நசியும். 10 லீற்றரை இரண்டு வாளியில் பாதிபாதியாக வைத்தால் சரி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வாளியை விட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போது அடியில் சாறு நிற்கும்.

வீட்டுக்கு வந்ததும் பழத்தை அகலமான தட்டங்களில் பரப்பி, குளிர்ந்த நிலவறையிலோ பால்கனி நிழலிலோ ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும். இனித்தான் பிரிக்கும் வேலை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தண்ணீர். வாளியில் கொட்டினால் இலை மிதக்கும், வடித்துவிடலாம் என்று. இலை மிதக்கும்தான், பச்சைக்காயும் பழத்தில் பாதியும் சேர்ந்து மிதக்கும். காம்புக் கிழிசல் வழியே சாறு கரைந்து தண்ணீர் ஊதாவாகும். அதன்பிறகு காயவைக்கத் துவாய் மேல் பரப்பினால் துவாய் குடிப்பது சாறு. உடனே ஜாம் காய்ச்சுவதென்றால் தண்ணீர் பரவாயில்லை. உறைய வைக்கிற பழத்துக்கு வேண்டாம்.

ஊரில் பழகிய கை சுளகைத் தேடும். இலைக்குச் சுளகு நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் மேலே எறிந்து பிடிக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பழம் கன்றும். புடைப்பதை விட்டுத் தூற்றுவதை எடுத்துக்கொண்டால் சரிவரும்: தரையில் அகலமான தட்டம், அதன் பக்கத்தில் ஒரு மேசைக் காற்றாடி நடுவேகத்தில், 40 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பழத்தை மெல்லிய நூலாகச் சரித்துவிடுவது. காய்ந்த இலையும் சருகும் அரை மீற்றர் தள்ளி விழும். உயரம் கூடினால் பழம் வெடிக்கும், குறைந்தால் காற்றுப் பிடிக்க நேரம் போதாது. தட்டத்தில் மடித்த துணி ஒன்று போடுவது நல்லது. இரண்டு தரம் தூற்றினால் இலையில் பெரும்பகுதி போய்விடும். கட்டாயம் வெளியில் செய்யுங்கள். வீட்டுக்குள் செய்தால் சருகு மார்கழியிலும் சோபாவுக்கு அடியில் கிடக்கும்.

காற்றுக்குப் போகாதவை காம்பு, ஊசியிலை, பச்சைக்காய், நசிந்த தோல். அவற்றுக்குத்தான் கம்பித் தட்டு.

கம்பி: ரிக் (TIG) வெல்டிங்குக்கு விற்கும் 2.4 மில்லிமீற்றர்த் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி, ஒரு மீற்றர் நீளம். ஒரு கிலோக் கட்டில் 28 கம்பி வரும், தேவை 27. நாகமுலாம் பூசிய வேலிக்கம்பி மலிவுதான். பழப்புளி பட்டால் முலாம் மங்கும், உணவு உருளும் இடத்துக்கு வேண்டாம். மொத்தச் செலவில் பெரும்பங்கு இந்தக் கம்பிதான். மற்றது மிச்சப் பலகை.

தட்டின் உள்ளகலம் 20 சென்ரிமீற்றர், நீளம் 80. பக்கப் பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 10 சென்ரிமீற்றர் உயரம். குறுக்குச் சட்டம் மூன்று: மேல், நடு, கீழ். கம்பிக்குக் கம்பி நடுப்புள்ளியிலிருந்து 7.4 மில்லிமீற்றர் வைத்தால் இடைவெளி சரியாக 5 வரும். 6 மில்லிமீற்றர்ப் பழம் நிற்கும், காம்பும் ஊசியும் பிஞ்சும் விழும்.

எல்லோரும் சிக்கும் இடம் கீழ்ச்சட்டம். சட்டத்தைக் குறுக்கே துளைத்துக் கம்பியை உள்ளே செருகினால் கட்டுவது சுலபம், ஆனால் சட்டத்தின் மேல்விளிம்பு கம்பியைவிட ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும். உருண்டு வரும் பழம் அந்தப் படியில் முட்டிக் குவியும், பின்னால் வருவது அதன்மேல் ஏறும், கையால் தள்ளும்போது நசியும். ஆகவே துளையை மேலிருந்து கீழாகப் போட வேண்டும். கம்பியை 83 சென்ரிமீற்றராக வெட்டி, இரண்டு நுனியிலும் ஒன்றரைச் சென்ரிமீற்றரைக் குறடால் 90 பாகைக்கு வளைத்து, சட்டத்தின் மேல்பக்கத் துளைகளில் குத்திவிட்டால் கம்பிதான் உச்சம். பழம் தடையில்லாமல் சட்டத்தைத் தாண்டி வாளியில் விழும். துளை 2.5 மில்லிமீற்றர். கீழ்ச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே தடவையில் துளைத்தால் வரிசை கோணாது. அதற்குத் துளைபொறி நிலைச்சட்டத்தில் பூட்டியிருக்க வேண்டும். கையால் பிடித்துத் துளைத்தால் இரண்டாவது பலகையில் துளை விலகிவிடும்.

நடுச்சட்டத்தில் துளை வேண்டாம். வாளால் கம்பி நுழையும் அகலத்தில் 2 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் கீறல் போட்டு, கம்பி அதில் பதியும்படி கீழிருந்து தாங்கவிட்டால் போதும். இந்தச் சட்டம் இல்லாவிட்டால் பழத்தின் பாரத்தில் நடுக்கம்பிகள் விலகி நல்ல பழமும் கீழே போகும்.

சரிவு 20 பாகை. அதாவது மேல்முனை கீழ்முனையைவிட 27 சென்ரிமீற்றர் உயரம். 35 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்த்தினால் பழம் துள்ளி ஓடும், குப்பைக்கு விழ நேரம் கிடையாது. 20 சென்ரிமீற்றருக்குக் கீழே இறக்கினால் கொஞ்சம் நசிந்த ஒன்று கம்பியில் ஒட்டி, பின்னால் வருவதை மறிக்கும். ஒரு தரத்துக்கு ஒரு கோப்பைக்கு மேல் போடக்கூடாது; போட்டுவிட்டுப் பக்கப் பலகையில் விரலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அகல இலை கம்பியின் மேல் படுத்துக்கொண்டு அசையாது. தூற்றலை முதலில் வைப்பதன் காரணம் அதுதான்.

கடைசி வடிகட்டல் ஈரத்துணி. ஒரு மீற்றர்ப் பலகையில் பழைய துவாயை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து விரித்து, தட்டைவிடக் கொஞ்சம் கூடிய சரிவில் சாய்த்து வைத்துப் பழத்தை உருட்டினால், மிச்ச இலைத்துண்டும் சிலந்தி நூலும் துவாயில் ஒட்டிக்கொள்ளும். சொட்டச்சொட்ட நனைத்தால் பழமும் ஒட்டும். இரண்டு லீற்றருக்கு ஒரு தரம் துவாயை அலசிப் பிழிய வேண்டும். அந்தத் துவாய் இனிப் பழத்துக்கு மட்டும்தான்; கறை போகாது. சட்டையில் பட்ட புதுக்கறைக்கு, துணி தாங்குமென்றால், கொதிநீரை உயரத்திலிருந்து ஊற்றினால் போகும். கையில் பட்டதற்கு எலுமிச்சை.

இவ்வளவையும் அன்றிரவு முடிக்க நேரமில்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. தூற்றி மட்டும் விட்டு, குப்பையோடேயே பரப்பி உறைய வைத்துவிடலாம். கல்லாக இறுகிய பழம் கம்பியில் அருமையாக உருளும், இலை நொறுங்கி விழும். ஆனால் ஒரு லீற்றர் ஒரு லீற்றராகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தால் பழத்தில் வெண்பனி பிடித்து, பிறகு வியர்த்து, நொறுங்கிய இலைத்தூள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

உறைய வைப்பதை விரைவாக்கும் பொத்தான் ஒன்று பெரும்பாலான பிறீசர்களில் இருக்கும். அதை முந்திய இரவே போட்டுவிட வேண்டும். 24 மணித்தியாலத்தில் எத்தனை கிலோவை உறையவைக்க முடியும் என்று கதவின் உட்பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அதற்கு மேல் வைத்தால் மெதுவாக உறையும். மெதுவாக உறையும் பழத்தில் பனிப்படிகம் பெரிதாகித் தோலைக் கிழிக்கும், பிறகு உருகும்போது கூழ். 30க்கு 40 சென்ரிமீற்றர்த் தட்டில் ஒற்றைப் படையாகப் பரப்பினால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர், 600 கிராம் கொள்ளும். ஆறு கிலோவுக்குப் பத்துத் தட்டு. சாதாரண வீட்டில் இரண்டு சுற்று. தட்டுக்குப் பேக்கிங் தாள் போட்டால் பெயர்க்க வேண்டியதில்லை. சைபருக்குக் கீழே 18 பாகையில் மூன்று நான்கு மணித்தியாலம் போதும். காத்திருக்கும் மிச்சப் பழம் பிறிட்ஜில், ஆழமில்லாத தட்டில், மூடாமல்.

இறுகியதும் 500 கிராம் பைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி, தட்டையாக அடுக்கலாம். பழம் தனித்தனியாக இருப்பதால் கைப்பிடி வேண்டுமானால் கைப்பிடி எடுக்கலாம். பையில் மாதமும் இடமும் எழுதுங்கள். ஒரு வருடம் வரை ருசி குறையாது. கேக்குக்குப் போடும்போது உருகவிடக் கூடாது, உறைந்தபடியே மாவில் புரட்டிப் போட வேண்டும். மாவில் அப்பச்சோடா கூடினால் பழத்தைச் சுற்றிப் பச்சையாகும். கெட்டதல்ல, பழத்தின் ஊதா நிறம் காரம் பட்டால் அப்படித்தான் மாறும்.

நசிந்தவை, சாறு விட்டவை எப்படியும் ஒரு கிலோவாவது தேறும். அதைக் காய்ச்சாமல் ஜாம் ஆக்குவதே நல்லது: ஒரு கிலோவுக்கு 350 கிராம் சீனி, மரக்கரண்டியால் பாதி மசித்து, பிறிட்ஜில் இரவு வைத்து, சீனி கரைந்ததும் பெட்டியில் இரண்டு சென்ரிமீற்றர் இடம் விட்டு உறைய வைப்பது. காய்ச்சிய ஜாமில் அந்த வாசம் வராது. இந்தச் சீனி அளவு வெளியில் வைக்கப் போதாது. பிறீசரில் இருந்து எடுத்தால் பிறிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும். பான்கேக்குக்குத்தான் இங்கே ஊற்றுவார்கள். தோசைக்கும் கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காயவைக்க ஆசைப்பட்டால் முழுப்பழம் மட்டும். 50 பாகையில் தொடங்கி, தோல் சுருங்கியதும் 60. ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் வெடித்துத் தட்டில் ஒட்டும். நீர்ப்பங்கு 85 சதவீதமளவில் இருப்பதால் ஒரு கிலோ 150 முதல் 180 கிராமில் வந்து நிற்கும். ஆறிய பழத்தை நசித்தால் விரலில் கறை படக்கூடாது. கண்ணாடிப் போத்தலில் போட்டு மூன்று நாள் பாருங்கள். உட்பக்கம் ஆவி பிடித்தால் திரும்பவும் தட்டுக்கு. வயிற்றோட்டத்துக்கு உலர்ந்த பழத்தை அவித்துக் குடிப்பது நோர்டிக் வீடுகளில் பழைய கைவைத்தியம். உலர்த்தாத புதுப்பழத்தை அளவுமீறித் தின்றால் பலன் நேர்எதிர்.

கம்பித் தட்டில் அடுத்த பருவத்துக்கு மாற்ற வேண்டியது இரண்டு. மழை குறைந்த கோடையில் பழம் சிறுக்கும், அப்போது 5 மில்லிமீற்றர் இடைவெளியில் நல்லதும் கொஞ்சம் விழுகிறது, 4.5க்கு இன்னொரு கம்பி வரிசை செய்து மாற்றிப் பூட்டும்படி வைக்கலாம். 6.9 மில்லிமீற்றருக்கு ஒரு துளை என்றால் 29 கம்பி வேண்டும். ஒரு கிலோக் கட்டில் ஒன்று குறையும். இரண்டாவது, நடுச்சட்டத்தின் கீறல்களில் சாறு இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒட்டுப்பசையால் இறுக்காமல் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறகுமரை போட்டுப் பூட்டினால், கழற்றி வெந்நீரில் தேய்த்துக் காயவைத்து மாட்டலாம்.